பார்க்கிங்கில் காயும் வெயில்

ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அடிக்கணக்கில் எட்டுக்குப் பதினாறு. அந்த இடத்துக்கு நாலு பக்கமும் இரும்புத் தூண் நட்டு, மேலே ஷீட் போடுவதற்குப் பதில் 550 வாட் சோலார் பேனல் போட்டால், நான்கு பேனல் தாராளமாக உட்காரும். மொத்தம் 2.2 கிலோவாட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் போடும் மனக்கணக்கு. ஆக, ஒரு கார் நிற்கும் இடத்தின் கூரையிலிருந்து தினமும் ஒன்பது யூனிட் கிடைக்கும். நடுத்தர அளவுள்ள மின்சார கார் ஒரு யூனிட்டில் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. ஒன்பது யூனிட்டுக்கு ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். தாம்பரத்தில் வீடு, சிறுசேரி சிப்காட்டில் வேலை என்று இருப்பவருக்கு அன்றாடம் போய்வர அது போதும்.

கார் நிற்கிற இடமே காரை ஓட்டிவிடும் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. வெயில் இருக்கும் நேரத்தில் கார் அங்கே நிற்க வேண்டும்.

ஹோட்டல், துணிக்கடை, மருத்துவமனை, ஐ.டி. பார்க், தியேட்டர் என்று எங்கே பார்த்தாலும் இப்போது சோலார் சார்ஜர் பேச்சு. பேச்சை எடுத்தவுடன் எத்தனை கிலோவாட், என்ன விலை, எப்போது போட்ட பணம் திரும்பும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 'உங்கள் வாசலுக்கு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை. விற்க வருபவர் கேட்க மாட்டார். பெரிய சார்ஜர் விற்றால் அவருக்கு லாபம். வாங்குகிறவராவது கேட்க வேண்டும்.

60 கிலோவாட் மோகம்

சென்னை - திருச்சி சாலையில் உள்ள ஒரு பெரிய சைவ உணவகத்தை எடுத்துக்கொள்வோம். வண்டிகள் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம் நிற்கும். அதற்குள் காருக்கு இருபது, இருபத்தைந்து யூனிட் ஏற வேண்டும் என்றால் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜர்தான் வழி. பெரும்பாலும் 60 கிலோவாட், இரண்டு கன். இரண்டு கார் ஒரே நேரத்தில் மாட்டினால் ஆளுக்குப் பாதி. இந்த இடத்துக்கு இது சரியான சார்ஜர்தான், அதில் சந்தேகமில்லை.

சிக்கல் அதன் தலைக்கு மேலே இருக்கும் சோலார் கூரையில். ஆறு கார் நிற்கும் அளவுக்குக் கூரை போட்டால் 13 கிலோவாட் வரும். நாள் முழுக்க ஐம்பது யூனிட் சொச்சம். அதாவது இரண்டே இரண்டு கார். மூன்றாவது காரிலிருந்து ஓடுவதெல்லாம் மின்வாரியத்தின் மின்சாரம்தான். உச்சி வெயிலில் அந்த ஒரு சார்ஜருக்கு வெயிலை மட்டுமே நம்பி முழு வேகம் தர வேண்டுமானால் 60 கிலோவாட் பேனல் வேண்டும். அதற்கு ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு சதுர அடி ஆகும்.

வெளிநாட்டில் மட்டும் இதை மாற்றிவிட்டார்களா என்றால், இல்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் 2020 டிசம்பரில் கிரிட்சர்வ் நிறுவனம் ஒரு சார்ஜிங் நிலையம் திறந்தது. ஒரே நேரத்தில் 36 வண்டிகள், அதிகபட்சம் 350 கிலோவாட் வேகம், மேலே சோலார் கூரை, பக்கத்தில் பெரிய பேட்டரி. அந்தக் கூரையை வைத்து 36 வண்டிக்குப் படியளக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் வேறு இடங்களில் உள்ள தங்கள் சோலார் பண்ணைகளின் உற்பத்தியைத்தான் கணக்கில் காட்டுகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே கொச்சி விமான நிலையம் இருக்கிறது. முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று 2015 ஆகஸ்டில் பெயர் வாங்கியது. அப்போதே 12 மெகாவாட். அதுவும் பகலில் மிஞ்சுவதைக் கேரள மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, இரவில் திருப்பி வாங்கிக்கொண்டுதான் அந்தப் பெயரைக் காப்பாற்றுகிறது. கூரையிலிருந்து நேராகக் காருக்குள் மின்சாரம் பாய்வது போல விளம்பரத்தில் வரையும் அம்புக்குறி வெறும் படம். நடுவில் ஒரு மீட்டரும் ஒரு மின்வாரியமும் எப்போதும் உண்டு.

நெடுஞ்சாலை உணவகத்தில் சோலார் கூரை வீண் என்று நான் சொல்லவில்லை. உணவகத்தின் ஏ.சி., ஃப்ரீசர், கிரைண்டர் எல்லாம் பகலில் ஓடுகின்றன. பேனலில் வரும் ஒவ்வொரு யூனிட்டும் அங்கேயே செலவாகிவிடும், நல்ல லாபம். ஆனால் அது உணவகத்துக்குப் போட்ட சோலார். சார்ஜரின் பெயரைச் சொல்லி, சார்ஜருக்கு வேண்டிய அளவுக்குப் பேனலைப் பெருக்கினால் கை கடிக்கும்.

எட்டு மணி நேரம் நிற்கும் கார்

இதற்கு நேர் எதிர் அலுவலகம். காலை ஒன்பதரைக்கு வரும் கார் மாலை ஆறு வரை அசையாது. அதற்குத் தேவை ஒன்பது யூனிட். எட்டு மணி நேரத்தில் ஒன்பது யூனிட் என்றால் மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே. வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு. இதற்கு 60 கிலோவாட்டும் வேண்டாம், புது டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம்.

சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜர் சில பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. டி.சி. ஃபாஸ்ட் சார்ஜர் லட்சங்களில். பத்து ஏ.சி. சார்ஜர் வைத்தால் 74 கிலோவாட் லோடு கேட்க வேண்டுமே என்று பயப்படுவார்கள். வேண்டியதில்லை. லோடு பேலன்சிங் உள்ள சார்ஜர்களாகப் பார்த்து வாங்கினால், 'மொத்தம் இருபது கிலோவாட்டைத் தாண்டாதே, உங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்' என்று அமைத்துவிடலாம். மேகம் மறைத்தால் வேகம் குறையும், வெயில் அடித்தால் கூடும். கார்க்காரர் மாலை வரை வரப்போவதில்லை, அவருக்கு இது தெரியவே தெரியாது.

22 கிலோவாட் ஏ.சி. சார்ஜர் வாங்குவதும் பலர் செய்யும் தண்டச் செலவு. ஏ.சி. சார்ஜரில் வேகத்தைத் தீர்மானிப்பது சுவரில் இருக்கும் பெட்டி அல்ல, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். நம் ஊரில் ஓடும் மின்சார கார்களில் பெரும்பாலானவற்றில் அது 3.3 அல்லது 7.2 கிலோவாட்தான். 22 கிலோவாட் பெட்டியில் மாட்டினாலும் அந்தக் கார் ஏழுக்கு மேல் இழுக்காது. மீதிக்குக் கொடுத்த காசு சுவரில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

மால், தியேட்டர் எல்லாம் இரண்டுக்கும் நடுவில். மூன்று மணி நேரப் படம் என்றால் ஏழு கிலோவாட் சார்ஜரில் இருபது யூனிட் ஏறிவிடும், 120 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் கூட்டம் வருவது மாலைக்காட்சிக்கும் இரவுக்காட்சிக்கும். வெயில் போன பிறகு ஏறும் அந்த யூனிட்டுக்கும் கூரையில் இருக்கும் பேனலுக்கும் சம்பந்தம் கணக்கேட்டில் மட்டும்தான். தமிழ்நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மதியம் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை ஏழு மணிக்கு இழுபறி. மாலையில் சார்ஜ் ஆகும் காரில் நிலக்கரியின் பங்கு கணிசம்.

கல்யாண மண்டபங்களைக் கேட்கவே வேண்டாம். ஊரிலேயே பெரிய கூரை அவர்களுடையதுதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும். முகூர்த்த நாளில் எல்லோரும் முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். மண்டபத்துக்கு சோலார் வேண்டுமா என்று யோசிக்கலாம், சார்ஜர் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க அங்கே காரணமில்லை.

இரண்டு மீட்டர் வில்லங்கம்

இனி சொல்லப்போவது விற்பனைப் பிரதிநிதிகள் வாயே திறக்காத விஷயம்.

தமிழ்நாட்டில் வணிக இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாயைத் தாண்டுகிறது. சொந்தக் கூரையில் விளையும் சோலார் யூனிட், பேனலின் இருபத்தைந்து ஆண்டு ஆயுளைக் கணக்கில் எடுத்தால், மூன்று நான்கு ரூபாயில் முடியும். இதுபோக, நெட்வொர்க் கட்டணம் என்று மின்வாரியம் யூனிட்டுக்கு ஒரு தொகை கேட்பதும் உண்டு. சிறுதொழில் செய்பவர்களின் நெடுநாள் மனக்குறை அது. அதைச் சேர்த்தாலும் லாபம்தான். ஆனால் அந்த லாபம், விளைந்த யூனிட்டை அதே கட்டடம் அதே நேரத்தில் செலவழித்தால் மட்டும். வீடுகளுக்கு இருப்பது போன்ற நெட் மீட்டரிங் வணிக இணைப்புக்கு இல்லை. மிஞ்சியதை வெளியே அனுப்பினால் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிட மிகக் குறைவு. வீட்டுக் கூரைகளுக்கு 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் மானியமும் கடைகளுக்குக் கிடையாது. கடைக்காரருக்கு உள்ள ஒரே ஆறுதல், வருமான வரிக் கணக்கில் சோலாருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம் என்பது.

ஆக, மதிய வெயிலில் மிஞ்சும் யூனிட்டை வாங்க ஓர் ஆள் வேண்டும். வாசலில் நிற்கும் மின்சார கார்தான் அந்த ஆள். பொது சார்ஜர்களில் யூனிட் இருபது ரூபாய்க்கு முன்னும் பின்னும் விற்கிறது. காருக்கு சார்ஜ் போடுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டிவிட்டு யாரும் நடத்தலாம்.

இதுவரை எல்லாம் சுபம். இங்கேதான் வில்லங்கம் நுழைகிறது. மின்சார வண்டி சார்ஜிங்குக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது. அதில் நேரத்துக்கு நேரம் விலை மாறும். வெயில் நேரத்தில் குறைவு, காலை மாலை உச்ச நேரத்தில் அதிகம். மத்திய அரசு 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தாராளமானது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்குதான் வாங்க வேண்டும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்கிறது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஏற்கிற அளவுக்குத்தான் அது செல்லும். எப்படியிருந்தாலும், வணிகக் கட்டணத்தைவிட மலிவு என்று பலர் சார்ஜருக்குத் தனி சர்வீஸ் கேட்டு வாங்குகிறார்கள். தனி சர்வீஸ் என்றால் தனி மீட்டர்.

மீட்டர் போர்டின் முன்னால் போய் நின்று பாருங்கள். இடது பக்கம் கட்டடத்தின் மீட்டர். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் சோலார் கேபிள் இன்வெர்ட்டர் வழியாக வந்து அதன் பின்னால் சேர்கிறது. வலது பக்கம் சார்ஜரின் மீட்டர். அதற்குப் பின்னால் சார்ஜர் மட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கம்பி இல்லை, இருக்கவும் கூடாது. மாடியில் விளையும் ஒரு யூனிட்கூட அந்த சார்ஜருக்குப் போகவில்லை. ஆனால் சார்ஜரின் மேல் 'சூரிய சக்தியில் இயங்குகிறது' என்று பச்சைப் பலகை!

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சார்ஜரைக் கட்டடத்தின் மீட்டரிலேயே சேர்த்தால் சோலார் யூனிட் உண்மையிலேயே காருக்குப் போகும், பற்றாக்குறைக்கு வணிகக் கட்டணம் கட்ட வேண்டும். தனி சர்வீஸ் வாங்கினால் மின்வாரிய யூனிட் மலிவு, சோலாரை மறந்துவிட வேண்டும். அல்லது சார்ஜர் கூரையில் இருக்கும் பேனலை அந்தத் தனி சர்வீஸிலேயே இணைக்கக் கேட்க வேண்டும். பகலில் மெதுவாக சார்ஜ் ஆகும் அலுவலகத்துக்கு முதல் வழி, இரவும் பகலும் ஓடும் நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜருக்கு இரண்டாவது வழி என்பது என் கணிப்பு.

உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் பெரிய வளாகங்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது, மாதத்தின் உச்ச லோடுக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜ். மாதத்தில் ஒரு நாள், ஃபாஸ்ட் சார்ஜரும் ஏ.சி. பிளான்ட்டும் லிஃப்டும் ஒன்றாக ஓடி டிமாண்ட் எகிறினால் அந்த மாதம் முழுக்க அதற்கு அழ வேண்டும். சோலார் இருக்கிறதே என்றால், அந்த நேரம் பார்த்து மேகம் மறைக்கலாம். யூனிட் செலவைக் குறைக்கும் சோலார் டிமாண்டைக் குறைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

கரன்ட் போனால்

'கரன்ட் கட் ஆனாலும் சோலார் இருக்கே, வண்டி சார்ஜ் ஆகும்ல?' என்று கேட்பவர்கள் அதிகம். ஆகாது. மின்வாரிய லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் கூரை மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, விலக்கே இல்லாத விதி. கொளுத்தும் வெயிலில் பேனல் சும்மா கிடக்கும். தவிர்க்க வேண்டுமானால் பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், செலவு எங்கோ போய்விடும். உணவகங்களில் ஜெனரேட்டர் ஓடும், சார்ஜரும் ஓடும். மின்சார காருக்கு டீசல் சார்ஜ்!

வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்பதும் அப்படியே நம்பத் தக்கதல்ல. பேனல் சூடாகச் சூடாகத் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம். மே மாதத்து நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும், அப்போது பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் காணாமல் போகும். நல்ல விளைச்சல் பிப்ரவரியிலும் மார்ச்சிலும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னையில் படுத்துவிடும். ஆண்டு சராசரி நான்கு யூனிட்டை நம்பி நவம்பர் மாதக் கணக்கைப் போடக் கூடாது.

பேனலைக் கழுவுவதற்குப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும், தூசியைவிட அது மோசம். தண்ணீர்த் தொட்டியின் நிழல், விளம்பரப் பலகையின் நிழல் என்று ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசையையே இழுத்துவிடும். சென்னையில் கூரையின் கால்களுக்கும் கவனம் வேண்டும். கட்டுமானத் தரநிர்ணயப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016-ல் வர்தா புயல் என்னென்ன பெயர்த்தது என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திறந்தவெளி பார்க்கிங் கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிப்பவர் பின்னால் அழுவார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பேஸ்மென்ட் பேஸ்மென்ட்டாகத் தண்ணீர் நின்றது. சார்ஜரைக் கீழ்த்தளத்தில், தரையோடு வைப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

நிழலுக்கு வரும் பெட்ரோல் கார்

எல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசியில் ஒரு தடை உண்டு. திறந்தவெளி பார்க்கிங்கில் சோலார் கூரை போட்ட இடம்தான் ஒரே நிழல். பச்சை நம்பர் பிளேட் வண்டி வருவதற்கு முன் வெள்ளை பிளேட் வண்டி அங்கே போய் நின்றுவிடும். உள்ளே தூங்கும் குழந்தையோடு ஒரு குடும்பம் 'அஞ்சு நிமிஷம்தான் அண்ணே' என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு சாப்பிடப் போகும். அதிலும் அந்த வெயிலில் யார்தான் மறுப்பது? சார்ஜர் வைத்த நான்கு இடத்துக்கு மட்டும் கூரை போடாமல், பத்து இடத்துக்குப் போட்டு அதில் நான்கை சார்ஜருக்கு ஒதுக்கினால் சண்டை குறையும், யூனிட்டும் கூடும். பிரான்ஸில் 2023-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி பார்க்கிங்கில் குறைந்தது பாதிக்குச் சோலார் கூரை வேண்டும் என்றது அந்தச் சட்டம். நம் நாட்டில் 2019 பிப்ரவரியில் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, பார்க்கிங்கில் 20 சதவீதத்தை மின்சார வண்டிக்கு ஏற்றதாக வைக்கச் சொன்னார்கள். புதிதாகக் கட்டுபவர்கள் கான்கிரீட் போடும்போதே தூண் ஓரமாக ஒரு குழாய் புதைத்துவிட்டால் போதும். கட்டி முடித்தபின் தரையை உடைத்துக் கேபிள் இழுப்பது அதைவிடப் பல மடங்கு செலவு.

காரைப் பற்றியே இவ்வளவு பேசினோம். தமிழ்நாட்டின் மின்சார வண்டிப் பெயருக்கே காரணம் ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கத்திலும் தயாராகும் ஸ்கூட்டர்கள்தான். கடைகளின் பின்புறம் போய்ப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதரைக்குப் போகும் ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் வெயிலில் பகல் முழுக்க நிற்கும். இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்த, வெயிலோடு நேரம் பொருந்தும் வண்டி இதுதான். ஒரு ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர் ஓடும். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு ஸ்கூட்டர் நிற்கும். மேலே விளையும் ஒன்பது யூனிட்டில் அவை அத்தனையும் அன்றாட ஓட்டத்தை முடித்துக்கொண்டு மிச்சமும் வைக்கும். மழை புகாத பெட்டியில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வரிசை, ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த், யார் எவ்வளவு எடுத்தார் என்று பார்க்க ஒரு சப்-மீட்டர். நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் இரண்டு நாளில் முடித்துத் தந்துவிடுவார். கட்டடத்தின் மீட்டரிலேயே ஓடுவதால் இரண்டு மீட்டர் வில்லங்கமும் இல்லை. முதலாளிகள் அங்கிருந்து தொடங்கலாம். வாசலில் 60 கிலோவாட் வைப்பதை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.